ஒற்றைக் குரலின் சரித்திரம்

பாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் ஆலயங்களையும், பிற்காலத்தில் சபாக்களையும் சினிமாக் கூடங்களையும் சுற்றியே எழுதியிருக்கின்றனர். அது இயல்பே. ஆதரித்தவன் பெயர் நிலைக்கும்போது அவனை அண்டிப் பாடியவன் பெயரும் உடன் நிலைக்கிறது. ஆனால், தானே சொல் கட்டி, தானே மெட்டமைத்து, பெரிய பக்கவாத்தியம் ஏதுமின்றித் தானே பாடியவர்கள் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். அவர்களுக்குத் தனிச் சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் மூன்று ஏடுகளை இவ்வாண்டு மலரில் அன்பர்களோடு சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறோம். முதல் ஏடு, நம் இடுக்கி மலையில் 1958-இல் எழுதப்பட்டது. இரண்டாவது, கடல் கடந்த அமெரிக்க நாட்டில் 1968-இல். மூன்றாவது, நம் பாலக்காட்டு அட்டப்பாடியில் 2020-இல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால், நம் காலனியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய செய்தி ஒன்று கிடைக்கும்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். குரலைப் பிடித்து வைக்கும் வித்தை நம் நாட்டுக்கு 1902-இல் வந்தது. கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் அவ்வாண்டு கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்தார். அந்நாளில் ஒலிவாங்கி கிடையாது. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாய்க்குள் தலையை நீட்டி, உரத்த குரலில் பாட வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடமே அடங்கும். 1925-க்குப் பிறகு மின்சார ஒலிவாங்கி வழக்குக்கு வந்ததும் மெல்லிய குரலும் தட்டில் ஏறியது. கருவி வளர வளரப் பாட்டுக்கு அலங்காரமும் வளர்ந்தது. வயலின்கள் பத்தாயின; பத்து ஐம்பதாயின.

இவ்வளர்ச்சியை எல்லோரும் மனமுவந்து ஏற்கவில்லை. நம் பாலக்காட்டைத் தம் பெயரோடு உலகறியச் செய்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981), கச்சேரி மேடையில் ஒலிபெருக்கி வேண்டா என்று வற்புறுத்தியவர். கருவி பெருக்கிக் கொடுக்கும் நாதம் வேறு, தோலிலிருந்து எழும் நாதம் வேறு என்பது அவர் கொள்கை. இதே மண்ணில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) கம்பீரக் குரலைக் கேட்டவர்களுக்கு அக்கொள்கையின் நியாயம் எளிதில் விளங்கும். அலங்காரம் நீக்கிய நாதமே அடிப்படை என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம். இனி முதல் ஏட்டுக்கு வருவோம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. இன்று இடுக்கி மாவட்டம் என்று நாம் அழைப்பது அன்று இல்லை. 1972-இல்தான் அது பிறந்தது. அன்று தேவிகுளம் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களோ பெரும்பாலும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்த நம்மவர்கள். எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும், அவர்கள் வாயில் இருந்தது தமிழ்.

1957-இல் கேரளத்தில் நடந்த பொதுத் தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சி 126 இடங்களில் 60 இடங்களைப் பெற்று, சுயேச்சைகள் ஐவரின் துணையோடு ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல், எதிர் வேட்பாளர் ஒருவரின் மனுவை முறையின்றித் தள்ளிய காரணத்தால் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆகவே 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற அரசுக்கு அந்த ஓர் இடம் பெரிதாயிற்று. இரு தரப்பிலும் பெருந்தலைவர்கள் மலையேறினர். அவர்களோடு, ஆர்மோனியப் பெட்டி ஒன்றும் மலையேறியது.

அப்பெட்டிக்கு உரியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். மலையின் கிழக்கு அடிவாரத்தில் இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அவருடைய தந்தை இராமசாமி தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். ஆதலால் தோட்டத்து வாழ்க்கை பாவலருக்குக் கேள்விச் செய்தியன்று, வீட்டுச் செய்தி. தொழிலாளிக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலியையும் பசியையும் கட்சியின் வாதத்தையும் தம் சொற்களில் ஏற்றிப் பாடுவார். கூட்டத்துக்கு மெட்டு ஏற்கனவே தெரியும். ஆகவே செவி முழுவதும் சொல்லின்மேல் நிற்கும். எழுத்தறியாதவரும் மறுநாள் அப்பாட்டைப் பாடிக்கொண்டே வேலைக்குப் போகலாம். இதுவே அவருடைய முறை.

ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். வெற்றி விழாவில் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, வெற்றியின் பெருமை பாவலருக்கு உரியது என்று பாராட்டினார் என்பது, பாவலரின் தம்பிமார் வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி. அத்தேர்தலில் யார் பக்கம் நியாயம் என்பது நம் சங்கத்தின் ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஒரு மனிதர், ஒரு பெட்டி, தாமே கட்டிய சொல் என்னும் இம்மூன்றும் ஒரு மலை நாட்டையே செவி சாய்க்க வைத்தன என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

பாவலரின் தம்பி ஒருவர் தம் 14-ஆம் வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று பாடினார். அவரே இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்து தமிழ்நாடே அவர் இசையைக் கேட்டபோது, அதனைக் காண அண்ணன் உயிரோடு இல்லை. தம்பியின் இசை ஆயிரக்கணக்கான பாடல்களாக நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அண்ணன் 1958-இல் தேவிகுளம் மலையில் பாடிய குரல்? அக்காலத்தில் ஒலிநாடாப் பொறி என்பது வானொலி நிலையத்துக்கும் சினிமாக் கூடத்துக்கும் உரிய விலையுயர்ந்த பொருள். கையடக்கமான காசெட்டைப் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்டதே 1963-இல்தான். தோட்டத்து மேடைக்கு எந்தப் பொறியும் வரவில்லை. கேட்டவர் நெஞ்சில் தங்கிய அளவே அப்பாட்டு தங்கியது. அந்த நெஞ்சங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன.

இதற்குப் பத்தாண்டு கழித்து, வேறொரு கண்டத்தில், ஏறத்தாழ இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று நிகழ்ந்தது. அதுவே இரண்டாவது ஏடு.

1960-களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ‘சைக்கடெலிக்’ என்ற பெயரோடு ஓர் இசை வகை பரவியது. மனத்தை வெளிப்படுத்துவது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களிலிருந்து 1956-இல் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் மருத்துவர் உண்டாக்கிய சொல் அது. மதிமயக்கும் மருந்துகளால் உண்டாகும் காட்சிகளை ஒலியில் கொண்டுவர முயன்ற இசை அது. மின்சாரக் கிதார்களின் எதிரொலியும், நாடாவைத் திருப்பி ஓட்டும் தந்திரங்களும் அதில் மிகுதி. அவ்விசையுலகில் புகழ் பெற்ற இளைஞர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் ஸ்பென்ஸ். நண்பர்கள் அழைத்த பெயர் ஸ்கிப் ஸ்பென்ஸ். கனடா நாட்டில் 1946-இல் பிறந்தவர். ஜெபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் முதல் இசைத்தட்டில் முரசு வாசித்தார். பின்னர் மோபி கிரேப் என்ற குழுவில் கிதார் வாசித்துப் பாட்டும் எழுதினார்.

1968-இல் நியூயார்க்கில் அவர் மனம் கலங்கியது. எல்.எஸ்.டி. என்ற மருந்தின் மயக்கத்தில் கோடரியோடு ஓட்டல் அறைக் கதவைப் பிளக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. பெல்வியூ மருத்துவமனையில் 6 மாத காலம் வைக்கப்பட்டார். மனப்பிளவு நோய் என்று மருத்துவர்கள் கண்டனர். இதனை நம் இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். மருந்து பாட்டைத் தந்தது என்று அந்நாளில் பலர் பேசினர். அது ஒரு பாடகனைப் பறித்துக்கொண்டது என்பதே சரித்திரம் காட்டும் உண்மை.

மருத்துவமனையிலிருந்து வெளிவந்த ஸ்பென்ஸ், கொலம்பியா கம்பெனியாரிடம் சிறு முன்பணம் பெற்று நாஷ்வில் நகருக்குச் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், பத்து நாட்களுக்குள் ஒரு தனி இசைத்தட்டுக்கு வேண்டிய பாடல்களைப் பதிவு செய்தார். உடன் வாசிக்க எவரும் இல்லை. கிதார், தாழ்சுருதிக் கிதார், முரசு யாவும் அவரே, குரலும் அவரே.

ஒருவர் எப்படி ஒரே சமயத்தில் மூன்று வாத்தியம் வாசிக்க முடியும் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். நம் ரயில் உலகத்து உவமையே இதற்குப் போதும். ஒலிநாடா ஒரு பாதைக்கரை என்று கொள்ளுங்கள். அதன்மேல் அடுத்தடுத்து மூன்று தடங்கள். முதல் தடத்தில் கிதாரையும் குரலையும் ஓட்டிவிட்டு, நாடாவைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டு, அதனைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் முரசை வாசிக்கலாம். பிறகு மூன்றாம் தடத்தில் இன்னொன்று. கேட்பவருக்கு மூன்றும் ஒருங்கே வரும். அன்று பெரிய கூடங்களில் 8 தடப் பொறிகள் வந்துவிட்டன. ஸ்பென்சுக்கு வாய்த்ததோ பழைய 3 தடப் பொறி. அலங்காரத்துக்கு அதில் இடம் இல்லை.

இங்கேதான் நம் கருத்துக்குரிய மனிதர் வருகிறார். அவர் தயாரிப்பாளர் டேவிட் ரூபின்சன். தாம் அருகில் இருந்தால் ஸ்பென்சின் போக்கு தடைப்படும் என்று எண்ணி, அவர் நாஷ்வில்லுக்குப் போகவில்லை. அங்கிருந்த பொறியாளர் மைக் பிக்லியோவிடம் அவர் கூறியனுப்பியது ஒன்றே: ஸ்பென்ஸ் என்ன செய்தாலும் நாடாவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள் என்பது. பொறியாளரும் அப்படியே செய்தார்.

அவ்விதம் உண்டான இசைத்தட்டு 1969 மே மாதம் ‘ஓர்’ என்ற பெயரில் 12 பாடல்களோடு வெளிவந்தது. அவ்வாங்கிலச் சொல்லுக்குத் துடுப்பு என்பது பொருள். வாங்குவார் இல்லை. கம்பெனியின் மிகக் குறைந்த விற்பனைகளுள் ஒன்றாகி, விரைவிலேயே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வியப்பில்லை. இன்று கைப்பேசியில் அதனைக் கேட்கும்போது, முடிவு பெறாத வீட்டுக்குள் நுழைந்தது போன்ற உணர்வே முதலில் நமக்கும் உண்டாயிற்று. சில பாட்டுகளில் குரல் முணுமுணுப்பாகத் தாழ்கிறது. ஒரு பாட்டில் இடி மழையின் ஓசை பின்னே கேட்கிறது. கடைசிப் பாட்டு 9 நிமிடத்துக்கும் மேலாக முரசோடும் தெளிவற்ற குரலோடும் நடந்து மெல்ல மறைகிறது. இரண்டாம் முறை கேட்கும்போது வேறொன்று புலப்படும். பெரிய வாத்தியக் கூட்டம் இருந்திருந்தால் மறைந்து போயிருக்கக்கூடிய மனிதன் ஒருவன் அங்கே தெரிகிறான். அவன் நகைச்சுவை தெரிகிறது, அச்சம் தெரிகிறது, களைப்பும் தெரிகிறது.

காலம் செல்லச் செல்ல அத்தட்டைத் தேடிப் பிடித்துக் கேட்போர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. 1999-இல் ராபர்ட் பிளான்ட், டாம் வெயிட்ஸ் முதலிய புகழ்பெற்ற பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டைத் தாம் பாடி, அத்தட்டுக்குக் காணிக்கையாக ஒரு தட்டு வெளியிட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் ஸ்பென்ஸ் புற்றுநோயால் காலமானார். அவருக்கு 53 வயது நிறைய இரண்டு நாள் குறைவு. 2009-இல் பெக் என்ற பாடகர் நண்பர்களோடு கூடித் தட்டு முழுவதையும் மறுபடி பாடிப் பதிவு செய்தார். 2018-இல், பழைய நாடாக்களில் எஞ்சியிருந்த பதிவுகளும் சேர்க்கப்பட்டு மூன்று தட்டுகளாக வெளிவந்தது. நாடா நிறுத்தப்படாமல் ஓடியதன் பலன், ஐம்பதாம் ஆண்டிலும் வந்து சேர்ந்தது.

மூன்றாவது ஏட்டுக்குக் கடல் கடக்க வேண்டா. பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு வழியே மலையேறினால் போதும். அட்டப்பாடி அடைவோம். பவானி ஆறு அங்கே கிழக்கு நோக்கித் திரும்பித் தமிழகத்துக்குள் பாய்கிறது. ஆனைகட்டி வழியே இறங்கினால் கோயம்புத்தூர். இருளர், முதுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் வாழும் நிலம் அது. இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது; நாம் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் பல சொற்கள் நம் பாட்டியார் சொற்களாகவே இருக்கும்.

அங்கே ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த நஞ்சம்மா என்ற இருளர் குல மூதாட்டி, 2020-இல் வெளிவந்த ‘ஐயப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் தம் மொழியில் தாமே கட்டிய ‘கலக்காத்த’ என்ற பாட்டைப் பாடினார். கிழக்கே மரம் பூத்திருக்கும் செய்தியைச் சொல்லும் பாட்டு அது. இயக்குநர் சச்சியும் இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜோயும் அக்குரலைத் திருத்தவோ, மெருகு பூசி வேறொன்றாக்கவோ முற்படவில்லை. 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த பின்னணிப் பாடகி என்ற விருது நஞ்சம்மாவுக்குக் கிடைத்தது.

உடனே ஒரு வாதம் எழுந்தது. முறையாகப் பயிற்சி பெற்றுச் சுருதி பிசகாமல் பாடுவோர் பலர் இருக்க, பயிற்சி பெறாத ஒருவருக்கு இவ்விருது தகுமா என்று இசைத்துறையைச் சேர்ந்த ஒருவர் கேட்டார். அவர் கேள்வியைக் கேலி செய்து தள்ளிவிட வேண்டியதில்லை. பல்லாண்டு சாதகம் செய்தவரின் உழைப்பு மதிக்கத் தக்கதே. ஆயினும் இசைவாணர் பலர் அன்றே கூறிய விடை நமக்கும் உடன்பாடு. வித்வானின் பாட்டை அளக்கும் கோல் வேறு. தன் வாழ்வைத் தானே சொல் கட்டிப் பாடும் குரலை அளக்கும் கோல் வேறு. சுருதிப் பெட்டி ஒன்றை மட்டும் வைத்து அளந்தால் நஞ்சம்மாவும் தோற்பார், ஸ்பென்சும் தோற்பார், தொண்டை கட்டிய இரவுகளில் பாவலரும் தோற்றிருப்பார்.

இனி மூன்று ஏடுகளையும் சேர்த்து நோக்குவோம். மூவரும் தாமே கட்டிப் பாடியவர்கள். மூவருக்கும் பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை. ஆனால் மூன்று குரல்களின் கதியும் வேறுவேறு. நாஷ்வில் குரல் அன்று தோற்று, முப்பதாண்டு கழித்து வென்றது. அட்டப்பாடிக் குரல் தம் வாழ்நாளிலேயே மதிப்புப் பெற்றது. தேவிகுளத்துக் குரல் ஒரு தேர்தலையே அசைத்தும், காற்றோடு போயிற்று. வேற்றுமைக்குக் காரணம் பாட்டின் தரம் அன்று. அருகில் பொறி இருந்ததா, அப்பொறியின் பின்னால் பொறுமையுள்ள ஒருவர் இருந்தாரா என்பதே. பாடியவரைப் பற்றி எழுதும் சரித்திரம், நிறுத்தாமல் நாடாவை ஓடவிட்டவரைப் பற்றியும் எழுத வேண்டும்.

இதனால் நமக்கு என்ன? 1958-இல் ஒரு தோட்டத்திலும் இல்லாத பொறி இன்று நம் காலனியில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் தாலாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, கும்மி இருக்கிறது. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் கொழுந்து கிள்ளியபோது பாடியவை இருக்கின்றன. அவற்றுள் பல அவர்களே கட்டியவை. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. பிழைக்க வந்த இடத்தின் மொழியைக் கற்பது கடமை. ஆனால் ஒரு பாட்டி மறையும்போது அவரோடு எத்தனை பாட்டு மறைகிறது என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு யோசனையைப் பணிவோடு வைக்கிறோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் காலனியிலுள்ள முதியோர் ஒவ்வொருவரிடமும், அவர்கள் சம்மதம் பெற்று, தெரிந்த பாட்டுகளைப் பதிவு செய்வோம். பின்னணி வாத்தியம் சேர்க்க வேண்டா. இடையில் மறந்து நின்றால் பொறியை நிறுத்த வேண்டா. நினைவு திரும்பும் வரை ஓடட்டும். சிரித்தால் சிரிப்பும், இருமினால் இருமலும் இருக்கட்டும். பாட்டைத் திருத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டா. முடிந்த பின், பாடியவர் பெயர், பிறந்த ஊர், இப்பாட்டை யாரிடம் கற்றார் அல்லது தாமே கட்டினாரா, எந்த வேலையின்போது பாடினார், பதிவு செய்த நாள் ஆகிய ஐந்தையும் ஒரு பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். விலாசச் சீட்டு இல்லாத பார்சல் எத்தனை மதிப்புள்ளதாயினும் உரியவரிடம் போய்ச் சேராது என்பது ரயில்வேயில் வேலை செய்யும் நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயரும் ஊரும் இல்லாத குரலும் அவ்வாறே. பதிவுகளை ஒரே கைப்பேசியில் விட்டுவிடாமல், சங்கத்தில் ஒரு படியும் குடும்பத்தில் ஒரு படியும் வைப்பது நலம்.

இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டா. ஞாயிற்றுக்கிழமை மாலைகளும், அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமையும் போதும். கல்லூரிப் பிள்ளைகள் பொறியைக் கையாளட்டும். பதிவேட்டை எழுதும் வேலையை எழுத்தர்களாகிய நாம் ஏற்போம். அடுத்த மலரில் அப்பதிவேட்டின் முதல் பக்கம் அச்சாகுமானால், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தோம். வாழ்க தமிழ், வளர்க நம் சங்கம்.